புளோரிடாக் கடற்கரை வீட்டில் ஜன்னல் மாற்றப் போகிறீர்களா? பெர்மிட்டை முதலில் பாருங்கள்

புளோரிடாவின் மேற்குக் கரையில் எனக்குத் தெரிந்த ஒரு முதிய தம்பதி, பிள்ளைகளோடு போய் இருக்கலாம் என்று வீட்டை விற்க முடிவு செய்தார்கள். வாங்குகிறவர் கிடைத்தார், விலையும் படிந்தது. பதிவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, வீட்டின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன் மாற்றிய பதினோரு ஜன்னல்களுக்கு எடுத்த பெர்மிட், அதாவது உள்ளூர் அலுவலகம் தரும் கட்டட வேலை அனுமதி, இன்னும் திறந்தே கிடக்கிறதாம். கடைசி ஆய்வு நடக்கவே இல்லை.

ஜன்னல் போட்ட காண்டிராக்டர் தொழிலையே விட்டுவிட்டுப் போயிருந்தார். புது ஆய்வுக்கு வந்தவர் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டிய ஒப்புதல் ஸ்டிக்கரைக் கேட்டார். அந்த அம்மா அதையெல்லாம் பிளேடால் சுரண்டி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பசையின் தடம்கூட இல்லாமல் எடுத்திருந்தார். திருகாணி சுவருக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க மூன்று ஜன்னல்களின் ஓரத்துப் பூச்சை உடைக்கச் சொன்னார்கள். உடைத்தார்கள். அதற்குள் வாங்க வந்தவர் விலகிவிட்டார்.

அவர்கள் குறுக்கு வழி எதிலும் போகவில்லை. கேட்ட பணத்தைக் கட்டினார்கள், கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். "எல்லாம் முடிந்தது" என்று சொன்னவரை நம்பியது மட்டும்தான் அவர்கள் செய்தது. பெர்மிட்டை எடுப்பதைவிட அதை முடிப்பதுதான் பெரிய வேலை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

விதியின் பின்னணி இவ்வளவுதான்: 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தென் புளோரிடாவைச் சிதைத்தது. அதன் பாடத்தில் பிறந்த மாநிலம் தழுவிய கட்டட விதி 2002 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும் என்பதால் அந்த விதி ஜன்னலைக் கூரைக்குச் சமமாகப் பார்க்கிறது. பழைய ஜன்னலை எடுத்துவிட்டு அதே அளவில் புதியது வைத்தாலும் பெர்மிட் வேண்டும். "அளவு மாறவில்லை, பெர்மிட் தேவையில்லை" என்று வாசலுக்கு வந்து சொல்கிற விற்பனையாளரை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, பெர்மிட் யார் பெயரில் எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். "உங்கள் பெயரில் எடுத்தால் சீக்கிரம் கிடைக்கும், கட்டணமும் குறையும்" என்று காண்டிராக்டர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். வீட்டுக்காரரே வேலை செய்வதற்கு 'ஓனர்-பில்டர்' என்று ஒரு விலக்கு சட்டத்தில் இருக்கிறது. அது நீங்களே மேற்பார்வை பார்த்து, நீங்களே குடியிருக்கப் போகும் வீட்டுக்கு உரியது. வேலை முடிந்து ஒரு வருடத்துக்குள் வீட்டை விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ அந்த விலக்கை மீறியதாக எடுத்துக்கொள்வார்கள். வேலையாள் கீழே விழுந்து அடிபட்டாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். உரிமம் இல்லாதவர்கள் வீட்டுக்காரரை முன்னிறுத்தி இந்தப் பெர்மிட்டை எடுக்க வைப்பது அடிக்கடி நடக்கிறது என்று, நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய அந்தப் படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்க விடாமல் பக்கத்தைப் புரட்டி, "இங்கே, இங்கே" என்று விரல் வைத்துக் காட்டியவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உரிம எண்ணை வாங்கி, மாநில உரிமத் துறையின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். காண்டிராக்டர் தன் போனில் காட்டுவதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

முன்பண விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கினால், வாங்கிய 30 நாளுக்குள் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெர்மிட்டுகள் எல்லாம் கிடைத்த 90 நாளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். சட்டப் பிரிவு 489.126. ஆனால் நீங்கள் எழுத்தில் சம்மதித்தால் இந்தக் கெடுவை நீட்டலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தச் சம்மதம் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏற்கனவே அச்சிடப்பட்டிருக்கும். அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடிக்கக் கூடாது என்று அவர் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

இனி 'நோட்டீஸ் ஆஃப் கமென்ஸ்மென்ட்' என்கிற வேலைத் தொடக்க அறிவிப்பு. பலர் இதைப் பெர்மிட்டோடு சேர்ந்த இன்னொரு தாள் என்று நினைத்துவிடுகிறார்கள். வேலையின் மதிப்பு 5,000 டாலருக்கு மேல் போனால் இதைக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பதிவாளரிடம் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கட்ட நேரலாம் என்று படிவமே எச்சரிக்கிறது. காண்டிராக்டர் உங்களிடம் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு ஜன்னல் கம்பெனிக்குத் தராமல் விட்டால், அந்தக் கம்பெனி உங்கள் வீட்டின் மீது பாத்தியதை (லீன், பாக்கிப் பணத்துக்காக வீட்டின் மீது கோரும் உரிமை) போட முடியும். அதனால் ஒவ்வொரு தவணை கொடுக்கும்போதும், பொருள் தந்தவரிடமிருந்து பாத்தியதை விடுவிப்புக் கடிதம் கேளுங்கள். நடுவில் உங்களுக்குப் பெயரே தெரியாத ஒரு கம்பெனியிடமிருந்து 'நோட்டீஸ் டு ஓனர்' என்று பதிவுத் தபால் வரும். பயப்பட வேண்டாம், அது வழக்கு அல்ல. யார் யாரிடமிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்க வேண்டும் என்று அது உங்களுக்குக் காட்டுகிறது. தூக்கி எறியாமல் கோப்பில் வையுங்கள்.

இந்த அறிவிப்பில் தேதிச் சிக்கல் ஒன்று உண்டு. பதிந்த 90 நாளுக்குள் வேலை தொடங்காவிட்டால் அது செல்லாது. ஜன்னல்களோ ஆர்டர் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்து வருகிறவை. ஒப்பந்தம் போட்ட அன்றே ஆர்வமாகப் பதிந்துவிட்டு, ஜன்னல் வந்து இறங்கும்போது காலாவதியான அறிவிப்போடு நிற்கிறவர்கள் நிறைய. மறுபடி பதிவு, மறுபடி கட்டணம், மறுபடி நோட்டரி. ஜன்னல் வரும் தேதி உறுதியான பிறகு பதியுங்கள்.

விண்ணப்பம் ஏன் திரும்பி வருகிறது? பெரும்பாலும் ஜன்னலில் குறை இருக்காது. வரைபடத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு திறப்பும் தாங்க வேண்டிய காற்றழுத்தத்தைத் தனித்தனியே எழுதிக் காட்ட வேண்டும். வீட்டு மூலையை ஒட்டிய ஜன்னலுக்கு நடுச்சுவர் ஜன்னலைவிட அதிக அழுத்தம். விரிந்த நீர்ப்பரப்பைப் பார்த்தபடி, கரையிலிருந்து 600 அடிக்குள் இருக்கும் வீடு, காற்று எவ்வளவு தடையின்றி வந்து மோதுகிறது என்ற கணக்கில் 'டி' வகை. உள்ளே தள்ளியிருக்கும் வீட்டுக்கான 'சி' வகைக் கணக்கைப் போட்டு அனுப்பினால் நிச்சயம் திரும்பி வரும். மயாமி-டேட், புரோவர்ட் இரண்டு கவுண்டிகளிலும் விதி இன்னும் கடுமை. ஜன்னல் ரகத்துக்கு மயாமி-டேட் கவுண்டி தரும் ஒப்புதல் சீட்டு கையில் இருந்தால், அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி போன சீட்டை விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பி, மூன்று வாரம் காத்திருந்து, "சீட்டு காலாவதி" என்ற இரண்டு சொல் பதிலை வாங்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் கவுண்டரில் தாளை வாங்கியவரே அதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்வதில்லை.

7,500 சதுர அடிக்குக் குறைவான தனி வீட்டு விண்ணப்பத்துக்கு 30 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று மாநிலச் சட்டம் உள்ளூர் அலுவலகத்தைக் கட்டுப்படுத்துகிறது. தவறினால் ஒவ்வொரு வேலை நாளுக்கும் கட்டணத்தில் 10 சதவீதம் குறைக்க வேண்டும். கேட்காதவருக்கு அவர்களாகக் குறைத்துத் தந்து நான் பார்த்ததில்லை. ஆகவே விண்ணப்பம் முழுமையாக ஏற்கப்பட்ட தேதியை எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் திருத்தம் கேட்டால் அன்றே அனுப்புங்கள், உங்கள் கையில் இருக்கும் நாட்கள் அவர்கள் கணக்கில் வராது.

பழைய, தாழ்வான கடற்கரை வீடுகளைக் கவிழ்ப்பது 50 சதவீத விதி. வெள்ள அபாயப் பகுதியில் உள்ள வீட்டில் செய்யும் மேம்பாட்டுச் செலவு, கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால், வீடு முழுவதையும் இன்றைய வெள்ள விதிக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் வீட்டையே உயர்த்த வேண்டியிருக்கும். ஜன்னல் மாற்றப் போனவர் வீட்டை இடித்துக் கட்டும் நிலைக்கு வருவது இப்படித்தான். ஏமாறும் இடம் 'கட்டடத்தின்' என்ற சொல். நிலத்தின் மதிப்பு கணக்கில் சேராது. உதாரணமாக, 9 லட்சம் டாலர் சொத்தில் நிலம்தான் பெரும்பங்கு, கட்டடத்துக்குக் கவுண்டி போட்ட மதிப்பு 1,40,000 டாலர் என்றால், உங்கள் எல்லை 70,000. ஜன்னல், கூரை, சமையலறை மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினால் செலவு அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். உறவினர் சும்மா வந்து செய்து தந்த வேலைக்கும் கூலி மதிப்புப் போட்டுச் சேர்ப்பார்கள். கவுண்டி மதிப்பு குறைவாகப் பட்டால், உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையை ஏற்பீர்களா என்று கேளுங்கள். பல அலுவலகங்கள் ஏற்கின்றன, ஆனால் தாமாகச் சொல்வதில்லை. இதை ஒப்பந்தம் போடும் முன் கேட்க வேண்டும்.

கடலைப் பார்த்த ஜன்னலுக்கு ஆமை விதியும் உண்டு. முட்டையிலிருந்து வெளிவரும் கடலாமைக் குஞ்சுகள் வீட்டு வெளிச்சத்தைக் கண்டு கடலுக்குப் போகாமல் சாலைப் பக்கம் திரும்பிவிடும். அதனால் பல கடற்கரை ஊர்களில், கரையிலிருந்து தெரியும் கண்ணாடி உள் வெளிச்சத்தில் 45 சதவீதத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது. நியாயமான விதி, எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கடை வைத்திருக்கும் விற்பனையாளருக்கு இது தெரியாது. அவர் தெளிந்த கண்ணாடிக்கு ஆர்டர் போட்டுவிடுவார், அளவெடுத்துச் செய்த ஜன்னலைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆர்டர் தாளில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுரிமையாளர் சங்கம் இருக்கும் குடியிருப்பு என்றால் சங்கத்தின் சம்மதம் வேறு, நகராட்சிப் பெர்மிட் வேறு. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

செலவைக் குறைக்க ஒரு ஜன்னலை விட்டுவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பழைய வீடுகளில் ஒரு வருடத்துக்குள் மொத்தக் கண்ணாடிப் பரப்பில் 25 சதவீதத்துக்கு மேற்படாமல் மாற்றினால், காற்றழுத்தம் தாங்கும் ஜன்னல் போதும், பறந்து வரும் பொருள் மோதினாலும் தாங்கும் கண்ணாடி கட்டாயமில்லை என்று ஒரு சலுகை இருக்கிறது. மயாமி-டேட், புரோவர்டில் இதை நம்பாதீர்கள். மற்ற இடங்களில் பெர்மிட்டுக்கு அது உதவும். இன்சூரன்ஸ் தள்ளுபடிக்கு உதவாது. காற்றுத் தடுப்பு ஆய்வுப் படிவத்தில் வீட்டின் மிக பலவீனமான திறப்பை வைத்துத்தான் தரம் போடுகிறார்கள். பத்து ஜன்னலுக்குப் பணம் கொட்டிவிட்டு, குளியலறையின் சின்ன ஜன்னலையோ வாசல் கதவை ஒட்டிய கண்ணாடிப் பட்டையையோ விட்டுவிட்டால் தள்ளுபடி போய்விடும்.

'மை சேஃப் புளோரிடா ஹோம்' என்ற மாநிலத் திட்டத்தில், நீங்கள் போடும் ஒவ்வொரு டாலருக்கும் இரண்டு டாலர் என்று 10,000 டாலர் வரை மானியம் உண்டு. முதலில் அவர்களுடைய இலவச ஆய்வு, பிறகு ஒப்புதல், அதன் பிறகே வேலை. ஒப்புதலுக்கு முன் ஒரு ஜன்னலைக் கழற்றினாலும் மானியம் இல்லை. வரிச் சலுகை பெற்ற சொந்தக் குடியிருப்பாக இருக்க வேண்டும். வாடகைக்கு விட்ட வீட்டுக்குக் கிடையாது. நிதி தீர்ந்தால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள்.

இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே இன்னொன்றை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். "அரசுத் திட்டம், கையிலிருந்து ஒரு டாலர்கூட வேண்டாம், சொத்து வரியோடு கட்டினால் போதும்" என்றால் அது 'பேஸ்' கடன். மானியம் அல்ல. அது உங்கள் வீட்டு அடமானக் கடனுக்கும் முன்னால் வந்து உட்காரும். கட்டாவிட்டால் சொத்து வரி கட்டாத வீட்டுக்கு நேர்வதுதான் நேரும். விற்கும்போதும் கடனை மாற்றும்போதும் வங்கிகள் முதலில் இதைத் தீர்க்கச் சொல்லும். வயதானவர்கள் டேப்லெட் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டு, நவம்பரில் வரி ரசீது வரும்போதுதான் என்ன செய்தோம் என்று அறிகிறார்கள்.

வேலை தொடங்கியபின் நீங்கள் காவல் காக்க வேண்டியது ஆய்வுகளை. ஜன்னல் சட்டகம் சுவரில் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பூச்சு மூடுவதற்கு முன் ஆய்வாளர் பார்க்க வேண்டும் என்று பல அலுவலகங்கள் கேட்கின்றன. பூச்சு வேலைக்காரர் முந்திக்கொண்டால் உடைத்துத்தான் காட்ட வேண்டும். ஒவ்வொரு ஜன்னலையும் மூடும் முன், அளவு நாடாவை வைத்துத் திருகாணிகளைப் போனில் படம் எடுங்கள். ஸ்டிக்கரைத் தொடாதீர்கள், படமும் எடுத்து வையுங்கள். 180 நாள் எந்த ஆய்வும் நடக்காமல் போனால் பெர்மிட் காலாவதியாகும். காண்டிராக்டர் ஆய்வுக்குச் சொல்லிவிட்டேன் என்றால், எந்தத் தேதி, என்ன முடிவு என்று அலுவலக இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டு நீங்களே பாருங்கள்.

கடைசித் தவணையைக் கடைசி ஆய்வு தேறிய பிறகுதான் தருவேன் என்று ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளும் காண்டிராக்டர்கள் இருக்கிறார்கள். ஆய்வு தேறிய அன்று, பெர்மிட் முடிந்தது என்று காட்டும் பக்கத்தை அச்செடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அதன் பிறகு ஸ்டிக்கரைச் சுரண்டலாம்.