வரையப்படாத மூன்றாவது கிளை: 1917இல் ஜேர்மனி எடுத்த தீர்மானம்

மல்லாவியில் உயர்தரக் கணிதப் பிரிவில் பயிலும் மாணவி ஒருவர் இவ்வாறு எழுதிக் கேட்டிருந்தார்: நாணயத்துக்கும் தாயக்கட்டைக்கும், நிகழக்கூடிய ஒவ்வொன்றையும் ஒரு கிளையாகக் காட்டி நாம் வரைகின்ற மர வரிப்படத்தை, போரில் ஈடுபட்டிருக்கும் ஒரு நாட்டின் தீர்மானத்துக்கும் வரைய முடியுமா? முடியும். தீர்மானப் பகுப்பாய்வு என்று 1960களில் அமெரிக்காவின் ரொனால்ட் ஹோவார்ட் பெயரிட்டு வளர்த்த துறையின் அடிப்படைக் கருவியே அந்த மரந்தான். வன்னியில் இருந்து வரும் இந்தக் கேள்வி எந்தப் போரை நினைவூட்டும் என்பதை நான் அறிவேன். ஆயினும், ஆவணங்கள் திறக்கப்பட்டு நூறாண்டு அலசப்பட்ட ஒரு தீர்மானத்தில்தான் கணக்கைத் தெளிவாகக் காட்ட முடியும் என்பதால் முதலாம் உலகப் போரை எடுத்துக்கொள்கிறேன்.

1916ஆம் ஆண்டின் இறுதியில், பிரித்தானியக் கடல் முற்றுகையினால் ஜேர்மனிய மக்கள் உருளைக்கிழங்குக்குப் பதிலாகக் கால்நடைத் தீவனக் கிழங்கை உண்டு குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தனர். கடற்படைத் தலைமை அதிகாரி ஹோல்ற்சென்டோர்ஃப் டிசெம்பர் 22ஆம் திகதியிட்ட அறிக்கையொன்றில், எச்சரிக்கையின்றி எந்த நாட்டுக் கப்பலையும் தாக்க நீர்மூழ்கிகளுக்கு அனுமதி கிடைத்தால் மாதத்துக்கு 6 இலட்சம் தொன் கப்பல்களை மூழ்கடிக்கலாம் என்றும், ஐந்தே மாதங்களில், அடுத்த அறுவடைக்கு முன்னர், பிரித்தானியா பணிந்துவிடும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார். அமெரிக்கா போரில் இறங்கக்கூடும் என்பதை அவர் மறைக்கவில்லை. அதன் படை வந்துசேரும் முன்னரே போர் முடிந்துவிடும் என்றார். 1917 ஜனவரி 9ஆம் திகதி பிளெஸ் மாளிகையில் கூடிய கூட்டத்தில் மன்னர் அதற்கு ஒப்புதல் அளித்தார். நெடுநாள் எதிர்த்துவந்த தலைமை அமைச்சர் பெத்மன் ஹோல்வெக், இராணுவத் தலைமை இன்றியமையாதது என்று சொல்லும்போது தாம் மறுக்க இயலாது என்று விட்டுக்கொடுத்தார்.

இப்போது மரத்தை வரைவோம். வெற்றிக்கு 100 புள்ளி, தோல்விக்கு 0 என்று வைத்துக்கொள்க. (இங்கு வரும் புள்ளிகள் யாவும் விளக்கத்துக்காக நான் இட்டவை.) தாக்கும் கிளையில் வெற்றி கிடைப்பதற்கு, மாதம் 6 இலட்சம் தொன் மூழ்க வேண்டும், அந்த வேகம் ஐந்து மாதம் தளராதிருக்க வேண்டும், நடுநிலை நாட்டுக் கப்பல்கள் அஞ்சி விலக வேண்டும், பிரித்தானியா மாற்று வழி காணாதிருக்க வேண்டும், அமெரிக்கப் படை காலம் தாழ்த்தி வர வேண்டும். ஒவ்வொன்றும் 80 விழுக்காடு உறுதியானது என்று தாராளமாக ஏற்று, ஒன்று மற்றதைச் சாராது என்றும் கொண்டால், 0.8ஐ ஐந்து முறை பெருக்கக் கிடைப்பது ஏறத்தாழ 0.33. வெற்றிக்கு 100 புள்ளி என்பதால், தாக்குதலின் பெறுமதி 33 புள்ளி. தனித்தனியே கேட்கும்போது திடமாக ஒலித்த ஐந்து வாக்கியங்கள், சேர்ந்தவுடன் மூன்றில் ஒரு பங்கு நம்பிக்கையாகச் சுருங்கிவிட்டன.

இதைக் கொண்டு மட்டும் கடற்படையினரை மூடர் என்று சொல்லிவிட முடியாது. தாக்காமல் போரை இழுத்துச் செல்வதன் பெறுமதி 40 புள்ளி என்றால் 33ஐத் தெரிவது தவறு. 30 என்றால் அதுவே சரி. இராணுவத்தை நடத்திய ஹின்டன்பேர்க்கும் லூடன்டோர்ஃபும் பழைய பாதையில் தோல்வியையே கண்டனர். எனவே 30 என்ற அவர்களது பக்கத்து எண்ணையே ஏற்றுக்கொள்கிறேன்.

என்னைக் கவர்ந்த இடம் இதன் பின்னர்தான் வருகிறது. அந்த மரத்தில் தாக்குதல், தாக்காமை என்று இரண்டு கிளைகளே இருந்தன. மூன்று மாதம் பொறுத்து, புதிய செய்திகளைக் கண்டபின் தெரிவு செய்தல் என்ற மூன்றாவது கிளை முழுமையாக வரையப்படவில்லை. காலபோகத்துக்கு, மழைக்கு முன்னரே உலர்ந்த மண்ணில் புழுதி விதைப்புச் செய்யும் நமது கமக்காரருக்கு இது புரியும்: விதைத்த நெல்லை மண்ணிலிருந்து திரும்பப் பொறுக்க முடியாது, முதல் மழைவரை காத்திருப்பவரிடமோ இரண்டு வழிகளும் இன்னும் இருக்கின்றன, ஆனால் அதிகம் பிந்தினால் கார்த்திகை வெள்ளம் நாற்றை மூடிவிடும்.

மூன்று மாதத்துக்குள் நல்ல செய்தி வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு என்க. வந்தால் பழைய பாதையின் பெறுமதி 45 ஆக உயரும். வராவிட்டால் 15 ஆகத் தாழும். இரண்டின் சராசரி அதே 30தான். எனவே நாம் ஜேர்மனிக்குச் சாதகமாக எதையும் புகுத்தவில்லை. நல்ல செய்தி வந்தால் தாக்காமல் 45ஐ வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் அப்போது தாக்கலாம். தாமதத்தினால் தாக்குதலின் பெறுமதி 33இலிருந்து 28 ஆகக் குறைந்துவிட்டது என்றே கொள்வோம். 45க்கும் 28க்கும் சராசரி 36.5. இது 33ஐ விடவும் 30ஐ விடவும் கூடியது. புதிய படையோ புதிய கப்பலோ சேராமல், மனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை வைத்திருந்தமையால் மட்டும் மூன்றரைப் புள்ளி பிறந்திருக்கிறது. கணிதத்தில் இதைவிட அழகான சிறு கணக்கை நான் அதிகம் கண்டதில்லை.

நல்ல செய்தி என்பது வெறுங்கற்பனையும் அன்று. மார்ச் 15ஆம் திகதி ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கலஸ் முடிதுறந்தார். பிரித்தானியாவோ அமெரிக்காவில் கடன் வாங்கியே தளவாடமும் உணவும் வாங்கியது. அந்தக் கடன்களைப் பற்றி அமெரிக்க மத்திய வங்கிச் சபை 1916 நவம்பரிலேயே தன் நாட்டு வங்கிகளை எச்சரித்திருந்தது. பெப்ரவரி 1இல் தொடங்கிய தாக்குதல் ஏப்ரல் 6இல் அமெரிக்காவைப் போருக்குள் இழுத்து, அந்தப் பண நெருக்கடியையும் தீர்த்துவைத்தது.

ஏப்ரலில் மட்டும் 8 இலட்சத்து 50 ஆயிரம் தொன்னுக்கு மேல் மூழ்கியது என்பதால், முதல் எடுகோளில் ஹோல்ற்சென்டோர்ஃப் தோற்கவில்லை. தோற்றது நான்காவதில். மே மாதம் முதல் பிரித்தானியா கப்பல்களைப் போர்க்கப்பல் காவலுடன் கூட்டமாக அனுப்பத் தொடங்கியது. எதிரி நம் கணக்கைப் பார்த்துத் தன் நடத்தையை மாற்றுவான் என்பதற்கு அறிக்கையில் போதிய இடமில்லை. நாள் குறித்துச் சொல்லும் சாத்திரக்காரரிடம் நான் காணும் குறையும் இதுவே: புதிய செய்தி வந்தாலும் அவர் சொன்ன நாள் அசைவதில்லை.

அறுவடைக்கு முன்னர் முடிக்க வேண்டுமென்பதே கடற்படையின் அவசரத்துக்குக் காரணம். அந்தக் காரணத்தையும் மரத்திலேயே சோதிக்கலாம். காத்திருத்தல் 33க்குச் சமமாக வேண்டுமானால், பிந்திய தாக்குதலின் பெறுமதி 21 ஆக விழ வேண்டும். 45க்கும் 21க்கும் சராசரி 33. ஆகவே பிளெஸ் மாளிகையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, மூன்று மாதத் தாமதம் தாக்குதலின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழித்துவிடுமா என்பது. நீர்மூழ்கிகளின் எண்ணிக்கை மாதந்தோறும் கூடிக்கொண்டிருந்த கடற்படையிடம், அதற்கு விடை கணிக்கத் தேவையான தரவுகள் இருந்தன.