ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு எங்கே இடம்?

கட்டடக்கலை படித்தவன் நான். ஆனால் சில ஆண்டுகளாக என் வேலையில் பாதி, டேப்பும் ரசமட்டமுமாகக் கல்லூரிகளைச் சுற்றி வருவதுதான். ஒரு மாற்றுத்திறனாளி மாணவர் வாசலிலிருந்து வகுப்பறை பெஞ்சு வரை யார் தயவும் இல்லாமல் போய்ச் சேர முடிகிறதா என்று அளந்து எழுதித் தர வேண்டும். அணுகல் தணிக்கை என்று இதற்குப் பெயர். தணிக்கைக்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் நேராகக் கணக்கர் அறைக்குக் கூட்டிப்போன கல்லூரியும் உண்டு.

நிர்வாகத்தினர் முதலில் காட்டுவது ராம்ப்பை. நான் முதலில் கேட்பது வண்டி எங்கே நிற்கிறது என்பதை.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் ஒரு தனியார் கல்லூரி. அலுவலக வாசலுக்குப் பக்கத்திலேயே தரையில் நீல பெயின்ட் அடித்து, சக்கர நாற்காலிப் படம் போட்டு, பலகையும் வைத்திருந்தார்கள். பெயின்டின் மேல் நான்கு பூந்தொட்டிகள். அன்று தணிக்கை என்பதால் தொட்டிகளை ஓரமாக நகர்த்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வந்தார். சிறு வயதில் நடந்த விபத்தில் ஒரு கால் செயலிழந்துவிட்டது. வண்டியின் பக்கவாட்டில் ஊன்றுகோலைச் செருகி வைத்திருந்தார்.

“ஏம்மா, இங்க போடாத. கரஸ்பாண்டன்ட் வண்டி வர்ற நேரம்” என்றார் காவலர்.

“அண்ணா, போர்டுல மாற்றுத்திறனாளின்னுதான எழுதியிருக்கு?”

“அது காருக்கும்மா. ஸ்கூட்டர் எல்லாம் பின்னாடி ஷெட்டுல.”

பின்னாடி ஷெட்டுக்கும் அவருடைய வகுப்புக்கும் இடையே அளந்தேன்: 240 மீட்டர். தோளில் பை, கையில் ஊன்றுகோல். அவரோடு நடந்து பார்த்ததில் பதினோரு நிமிடம் ஆனது. முதல் பீரியடுக்கு அவர் தினமும் தாமதம் என்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை, அபராதம் மட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

காவலரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. தடையற்ற கட்டடங்களுக்காக மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த வழிகாட்டுதல்கள் (2021-இல் புதியவை வந்துவிட்டன) கார்களை மனதில் வைத்துத்தான் பேசின: குறைந்தது இரண்டு இடங்கள், ஒவ்வொன்றும் 3.6 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள். காருக்கு அவ்வளவு அகலம் எதற்கு என்று கேட்பார்கள். கதவை முழுதாகத் திறந்து, பக்கத்தில் சக்கர நாற்காலியை நிறுத்தி, இருக்கையிலிருந்து அதற்கு மாறி உட்கார 1.2 மீட்டர் இடம் வேண்டும். அந்தக் கோடு போட்ட பகுதியில்தான் எல்லா ஊரிலும் யாராவது பைக்கைச் செருகிவிடுவார்கள்.

ஆனால் தமிழ்நாட்டுக் கல்லூரியில் காரோட்டி வரும் மாற்றுத்திறனாளி மாணவர்கள் எத்தனை பேர்? நான் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருகிறார்கள். கால்கள் பாதிக்கப்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு மாநில அரசே இலவசமாகக் கொடுக்கும் வண்டி அது. ஒரு கையால் வண்டியைக் கொடுத்துவிட்டு, நிறுத்துவதற்கு இன்னொரு கையால் இடம் கொடுக்காமல் இருந்தால் எப்படி?

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. சாதாரண ஸ்கூட்டரைக் காலை ஊன்றிப் பின்னால் தள்ளி எடுத்துவிடலாம். காலில் வலு இல்லாதவர் எப்படித் தள்ளுவார்? சுவரைப் பார்த்து நிறுத்தினால், சாயங்காலம் வண்டியை வெளியே எடுக்க ஒவ்வொரு நாளும் ஒருவரைக் கூப்பிட வேண்டும். அந்த மாணவி நான்கு மணிக்கு வகுப்பு முடிந்தும் ஷெட்டில் உட்கார்ந்திருப்பாராம், யாராவது வரட்டும் என்று. ஆகவே என் அறிக்கைகளில் இப்போதெல்லாம் இதை முதல் வரியாக எழுதுகிறேன்: ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி இடம் இருக்க வேண்டும். முன்னால் சுவரோ செடியோ சங்கிலியோ கூடாது. நான் அளந்த வண்டி 1.1 மீட்டர் அகலம் இருந்தது. இறங்கி நிற்க இன்னொரு 1.2 மீட்டர். தரை சமமாக இருக்க வேண்டும். சரிவில் நிறுத்தினால் வண்டி நகரும், ஊன்றுகோல் ஊன்றி இறங்குகிறவருக்கு அதுவே போதும் கீழே விழ. மேலே ஒரு தகரக் கூரை போட்டால் இன்னும் நல்லது. மழையில் நனைந்த டைல்ஸ் மேல் ஊன்றுகோலின் ரப்பர் முனை வழுக்குவதைப் பார்த்தவர்கள் இதை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்கள்.

நிறுத்திய பிறகு ராம்ப். கணக்கு எளிது: ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். மூன்று படி, அதாவது 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் 5.4 மீட்டர் ராம்ப் வேண்டும். நான் பார்ப்பவற்றில் பல இதில் பாதி நீளம்கூட இருப்பதில்லை. அங்கே வண்டியை ஏற்றலாம், சிமென்ட் மூட்டையை ஏற்றலாம், தனியாக வரும் சக்கர நாற்காலிக்காரர் ஏற முடியாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் தன் கட்டடத்தையும் வளாகத்தையும் அணுகத்தக்கதாக ஆக்க வேண்டும், ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்று பிரிவு 16 எதிர்பார்க்கிறது. ‘நாங்கள் தனியார்’ என்ற பதில் இங்கே எடுபடாது. கல்விக்குப் பயன்படும் தனியார் கட்டடமும் இந்தச் சட்டத்தின் கணக்கில் பொதுக் கட்டடம்தான். பழைய கட்டடங்களை மாற்ற விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்திருந்தார்கள். விதிகள் 2017 ஜூனில் வந்தன. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

“அதெல்லாம் வழிகாட்டுதல்தானே சார்” என்று ஒரு நிர்வாக அலுவலர் என்னிடம் சொன்னார். அந்தப் பேச்சுக்கும் உச்ச நீதிமன்றம் முடிவு கட்டப் பார்த்திருக்கிறது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று, அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி 15 சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயத் தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அலுவலரிடம் இதைச் சொன்னேன். தீர்ப்பின் நகல் கேட்டார். கொடுத்தேன்.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகள் இன்னொரு தலைவலி. சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தசைச் சிதைவு, ஹீமோஃபிலியா, மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் எல்லாம் அதில் உண்டு. தசைச் சிதைவு உள்ள ஒரு பையன் காலையில் ஓரளவு நடந்துவிடுவான், மதியத்துக்கு மேல் படிக்கட்டைப் பிடித்து நின்றுவிடுவான். “நல்லாத்தானே நடக்குற தம்பி?” என்று கேட்டே அவனை நீலக் கோடு போட்ட நிறுத்துமிடத்திலிருந்து கிளப்பிவிட்டார்கள். காவலருக்கு நடையை அளக்கும் வேலையே வேண்டாம். கல்லூரி ஒரு ஸ்டிக்கர் கொடுத்து, வண்டி எண்ணைக் கேட்டில் எழுதி வைத்துவிட்டால் போதும். கால் முறிந்து மாவுக்கட்டோடு வரும் மாணவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அது நீண்டகாலக் குறைபாட்டுக்கானது. ஆனால் ஆறு வாரத்துக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுக்கக் கல்லூரி முதல்வருக்குச் சட்டம் எதற்கு?

தேர்வு பற்றி அதிகம் பேசப் போவதில்லை, அது பலருக்கும் தெரியும். சொல்வதை எழுதுபவர், மணிக்கு 20 நிமிடம் குறையாத கூடுதல் நேரம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்று சான்று இருந்தாலும் எழுதுவதில் சிரமம் இருந்தால் எழுத்தர் உதவியை மறுக்க முடியாது என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் தீர்ப்பு வந்தது. தெரியாமல் போவது ஒன்றுதான்: தேர்வறை இரண்டாவது மாடியில் விழுந்திருக்கும், லிஃப்ட் வேலை செய்யாது. ஹால் டிக்கெட் வந்ததும் போய் அறையைப் பார்த்துவிடுங்கள். அன்றைக்கு வளாகத்தில் விழா இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பந்தல்காரர்களுக்கு நீலக் கோடு போட்ட சமதரையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

கேட்பதை வாயால் கேட்காதீர்கள். முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம்: பெயர், வகுப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) எண், வண்டி எண், எந்தக் கட்டடத்தின் முன் இடம் வேண்டும், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. “உதவி செய்யுமாறு” என்று எழுதாமல் “ஒதுக்குமாறு” என்று எழுதுங்கள். நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு, அதற்கும் அசையாவிட்டால் மாநில ஆணையருக்கு. ஆணையருக்கு ஆட்களை வரவழைத்து விசாரிக்க உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால் என்ன செய்தோம் என்று மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் பல விஷயங்கள் அந்த முத்திரை விழுந்த வாரத்திலேயே முடிந்துவிடுகின்றன.

அந்த மாணவியும் அப்படி ஒரு கடிதம் கொடுத்தார். போன மாதம் மறு ஆய்வுக்குப் போனபோது பூந்தொட்டிகள் இல்லை. முன்னால் இருந்த குட்டிச் சுவரை ஒன்றரை மீட்டருக்கு இடித்து வழி விட்டிருந்தார்கள். அவர் நேராக நுழைந்து, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கினார். கரஸ்பாண்டன்ட் கார் வேப்பமரத்தடியில் நின்றது, மேலெல்லாம் காக்கை எச்சம். ராம்ப்பின் மேல் முனையில் மட்டும் இரண்டு அங்குலத் திட்டு ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது. கொத்தனார் வருவார் என்றார்கள்.