‘தகுதியான கருத்து’ என்னும் அபத்தம்

கணக்கைப் பார்த்த தணிக்கையாளர் ஏதோ ஒன்றை விலக்கிவைத்து மற்றதெல்லாம் சரி என்று ‘குவாலிஃபைடு ஒப்பீனியன்’ கொடுத்தால், அந்த நிறுவனத்துக்கு அது தலைவலி. தமிழில் படித்தாலோ வாழ்த்துச் சொல்லத் தோன்றும்: ‘தகுதியான கருத்து’. குறையே இல்லாத ‘அன்குவாலிஃபைடு’ அறிக்கை ‘தகுதியற்ற கருத்து’ ஆகிவிடுகிறது. ஒழுங்காகக் கணக்கு வைத்தவர் தகுதியற்றவர், ஓட்டை வைத்தவருக்குத் தகுதிச் சான்று! மொழிபெயர்த்த ஆண்டறிக்கைகளில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

மூலம் லத்தீன். ‘குவாலிஸ்’ என்றால் ‘எத்தகைய’. அதிலிருந்து தகுதி பெறுதல் என்ற பொருள் ஒரு பக்கம் கிளைத்தது, சொன்னதற்கு வரம்பு கட்டுதல் என்ற பொருள் இன்னொரு பக்கம். தணிக்கையில் புழங்குவது இரண்டாவது.

ஆண்டு முடிந்தபிறகு நியமிக்கப்பட்ட தணிக்கையாளர் சரக்கை எண்ணும்போது கூட இருந்திருக்க மாட்டார். வேறு வழியிலும் அந்த இருப்பை அவரால் உறுதிசெய்ய முடியவில்லை என்று வையுங்கள். அப்போது அவர் எழுதுவதன் சாரம்: ‘சரக்கிருப்பு பற்றிய இந்த விஷயம் நீங்கலாக, கணக்கு உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகிறது.’ மொத்தப் பொருளும் அந்த ‘நீங்கலாக’வில்தான் இருக்கிறது. எனவே ‘நீங்கலுள்ள கருத்து’ என்கிறேன். ‘அன்குவாலிஃபைடு’ என்பது ‘நீங்கலற்ற கருத்து’.

‘நிபந்தனைக் கருத்து’ என்று சிலர் எழுதுகிறார்கள். ‘தகுதியான’வைவிடத் தேவலை, ஆனாலும் தப்பு. நிபந்தனை என்றால் இனி நடக்க வேண்டிய ஒன்று: இதைச் செய், அதைத் தருகிறேன். தணிக்கையாளர் பேரம் பேசவில்லை. முடிவைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நாளைக்கே சரக்கை எண்ணிக் காட்டினாலும் அந்த அறிக்கை தானாகச் சுத்தமாகிவிடாது. இந்தச் சொல்லைப் படிக்கும் பங்குதாரர், நிபந்தனையை நிறைவேற்றினால் சரியாகிவிடும் என்று நிம்மதியாக இருந்துவிடுவார். ‘வரையறுக்கப்பட்ட கருத்து’ என்றொரு கட்சியும் உண்டு. ‘லிமிடெட்’ கம்பெனிக்கே அந்தச் சொல்லைக் கொடுத்தாயிற்று. போதாததற்கு, முழுத் தணிக்கை செய்யாமல் மேலோட்டமாகப் பார்க்கும் மீளாய்வுக்கும் அதே அடைமொழி வருகிறது. எது எதைக் குறிக்கிறது என்று படிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

சரி, சர்வதேசத் தணிக்கைத் தரநிலைகள் இப்போது குறையில்லாத அறிக்கையை ‘அன்மாடிஃபைடு’ என்கின்றன. உடனே நம்மவர்கள் ‘மாற்றியமைக்கப்படாத கருத்து’ என்று இறக்கிவிட்டார்கள். யாரோ மாற்றச் சொல்லி வற்புறுத்தி, அவர் மசியாத மாதிரி இருக்கிறது.

அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டுவதுதான் வியாதி. தரநிலை எண் 705-இல் நீங்கலுள்ள கருத்தோடு இன்னும் இரண்டு உண்டு. பிழை பெரியதாகி, கணக்கு முழுவதும் பரவியிருந்தால் எதிர்மறைக் கருத்து, அந்தப் பெயரில் சிக்கலில்லை. போதிய சான்று கிடைக்காமல், அதன் பாதிப்பும் பரவலாக இருக்கலாம் என்றால் தணிக்கையாளர் கருத்தே சொல்ல மாட்டார். ஆங்கிலத்தில் இது ‘டிஸ்கிளைமர்’; இதைப் ‘பொறுப்புத் துறப்பு’ என்று எழுதுகிறார்கள். வலைத்தளத்தின் அடியில் போடும் அறிவிப்பா இது? அவர் பொறுப்பைத் துறக்கவில்லை; ஏன் கருத்துச் சொல்ல முடியவில்லை என்று காரணம் எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறார். ‘கருத்துக் கூறாமை’ என்று எழுதினால் யாருக்கும் புரியும்.