மிதவையை ஏமாற்றும் மாத்திரை

"சார், கார்ட்டிசால் 3.2 வந்திருக்கிறது. பக்கத்தில் கீழ்நோக்கி அம்புக்குறி. என் அட்ரீனல் சுரப்பி போய்விட்டதா?" என்று ஒரு வாசகி ரிப்போர்ட்டைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். ரத்தம் எடுத்த நேரம் மாலை 6.42. இயல்பு அளவு என்று அச்சிட்டிருந்த 5 முதல் 25 வரை என்பது காலை எட்டு மணிக்கு உரியது. அலுவலகம் விட்டு வரும் வழியில் லேபில் ஏறி இறங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

கார்ட்டிசால் என்பது அட்ரீனல் சுரக்கும் ஹார்மோன். அது நாள் முழுக்க ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கி, கண் விழிக்கும் வேளையில் உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்கி, நள்ளிரவில் தரைதட்டும். மாலையில் 3.2 யாருக்கும் வரக்கூடிய எண்தான். இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கு, கார்ட்டிசாலைச் சுமந்து திரியும் புரதம் ரத்தத்தில் கூடிவிடுவதால், எண் உயர்ந்து தெரியும்.

ஆக, ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு பெரும்பாலும் எதுவும் சொல்ல முடியாது. காலையில் 3-க்குக் கீழே போனால் குறைபாட்டைச் சந்தேகிக்கலாம், நன்றாக உயர்ந்திருந்தால் நிம்மதியாக இருக்கலாம். நடுவில் நின்றால் சுரப்பியைச் சீண்டித்தான் பார்க்க வேண்டும்.

பள்ளியில் படித்ததுதான்: மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ், அது பிட்யூட்டரியைத் தூண்டும், பிட்யூட்டரி ஏ.சி.டி.எச் என்ற ஹார்மோனை அனுப்பும், சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல்கள் அதைக் கேட்டு கார்ட்டிசாலைச் சுரக்கும். போதுமான அளவு சுரந்ததும் அந்தக் கார்ட்டிசாலே மேலே போய் "போதும்" என்று சொல்லிவிடும். மொட்டைமாடித் தொட்டியில் மிதவை இருக்கிறதே, அதே வேலை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், குழாய் அடைபடும்.

சுரப்பு குறைவோ என்று சந்தேகம் வந்தால், 250 மைக்ரோகிராம் செயற்கை ஏ.சி.டி.எச்சை ஊசியாகப் போட்டு, அரை மணியிலும் ஒரு மணியிலும் கார்ட்டிசாலை அளப்பார்கள். இயற்கை ஏ.சி.டி.எச்சில் 39 அமினோ அமிலங்கள் உண்டு, ஊசியில் இருப்பவை முதல் 24 மட்டும்; சுரப்பிக்கு அதுவே போதும். பல காலமாக, ஒரு டெசிலிட்டருக்குக் கார்ட்டிசால் 18 மைக்ரோகிராமைத் தாண்டினால் பாஸ்; இங்கே வரும் கார்ட்டிசால் எண்கள் எல்லாமே அந்த அலகில்தான். புதிய கருவிகளில் கோடு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இந்தியாவில் இந்த ஊசி எளிதில் கிடைப்பதில்லை என்பதால், பன்றியிலிருந்து எடுத்த, மெதுவாக வேலைசெய்யும் ஏ.சி.டி.எச்சை வைத்து நம் மருத்துவர்கள் சமாளிக்கிறார்கள். அதற்குத் தனியாக எல்லை மதிப்புகளையும் ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட சத்தமில்லாத ஆய்வுகளுக்கு யாரும் மாலை போடுவதில்லை, பணமும் சுலபமாக வருவதில்லை. எனக்கு இதில் நிறையக் கோபம் உண்டு.

சரி, எனக்குப் பிடித்த சோதனைக்கு வருகிறேன். சுரப்பு அதிகமோ, அதாவது கார்ட்டிசால் மிகுந்து வரும் குஷிங் சிண்ட்ரோமோ என்று சந்தேகம் வந்தால் செய்வது. இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் மாத்திரை. ஒரு டீ விலைகூட ஆகாது. காலை எட்டு மணிக்கு ரத்தம். வேறொன்றும் இல்லை.

டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு மருந்து, கார்ட்டிசாலின் அசுர உறவினர். எடைக்கு எடை சுமார் 25 மடங்கு பலம். பிட்யூட்டரி அதைக் கண்டதும் தொட்டி நிரம்பி வழிகிறது என்று நம்பிவிடும். யாரோ மாடிக்குப் போய் மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டதுபோல. ஏ.சி.டி.எச் நிற்கும், குழாய் அடைபடும். ஆனால் தொட்டியில் தண்ணீர் ஏறவே இல்லையே! ரத்தத்தில் ஏற்கெனவே இருந்த கார்ட்டிசால் சுமார் ஒன்றரை மணிக்கு ஒருமுறை பாதியாகக் கரைந்துகொண்டே போகும். விடிவதற்குள் தொட்டி காலி.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. லேபில் கார்ட்டிசாலைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு டெக்சாமெத்தசோன் கண்ணில் படுவதே இல்லை. பிட்யூட்டரிக்கு இரண்டும் ஒன்று, கருவிக்கு இரண்டும் வேறு. அந்த வித்தியாசத்தில்தான் சோதனையே நிற்கிறது. பிரெட்னிசலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டைக் கொடுத்திருந்தால் கருவி அதையும் கார்ட்டிசால் என்று எண்ணிக் கணக்கைக் கெடுத்துவிடும்.

காலையில் 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் மிதவை வேலைசெய்கிறது. வராவிட்டால், மிதவையை மதிக்காத வேறொரு குழாய் எங்கோ திறந்திருக்கிறது என்று தேடத் தொடங்குவார்கள்: அட்ரீனலிலேயே ஒரு கட்டி, பிட்யூட்டரியில் ஒரு கட்டி, சில சமயம் நுரையீரலில்கூட. அதற்கு முன் வேறு காரணங்களையும் பார்ப்பார்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர் உடம்பில் டெக்சாமெத்தசோன் சீக்கிரமே சிதைந்துவிடும். மாத்திரையை மறந்து தூங்கிப்போனவர்களும் உண்டு. 1960-ல் அமெரிக்காவின் கிராண்ட் லிடில் இந்த யோசனையை விவரித்தபோது, நாள்கணக்கில் மாத்திரை கொடுத்து, சிறுநீரைச் சேர்த்து அளந்தார்கள். ஒரே ராத்திரிக்குச் சுருங்கியது பிறகு.

சோர்வு என்றாலே "அட்ரீனல் களைப்பு" என்று பெயர் வைத்து எச்சில் பரிசோதனை விற்பவர்களை நம்பாதீர்கள். அப்படியொரு நோய் இருப்பதற்கு ஆதாரமில்லை. எச்சிலில் கார்ட்டிசாலை அளப்பது உண்மையான சோதனைதான், ஆனால் நள்ளிரவில், குஷிங்கைத் தேடுவதற்கு.

என் பெரியப்பா மூட்டுவலிக்கு இரண்டு வருடம் ஒரு பொடி சாப்பிட்டார். வலி பறந்துவிட்டது. முகம் உருண்டு, வயிறு தள்ளி, கைகால் மெலிந்து, தொட்டால் தோல் கன்றியது. பார்க்கும் யாரும் கார்ட்டிசால் அதிகம் என்றுதான் சொல்வார்கள். காலை எட்டு மணி ரத்தத்தில் வந்தது 0.8.

டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவாங்க" என்றார். பொடியை யாரும் சோதிக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. உடம்பெல்லாம் ஸ்டீராய்டின் அடையாளம், கருவியில் மட்டும் கார்ட்டிசால் இல்லை. ஒரு ராத்திரி செய்ய வேண்டிய சோதனையை யாரோ இரண்டு வருடமாக அவர்மேல் செய்துகொண்டிருந்தார்கள். அத்தனை நாள் ஏ.சி.டி.எச் வராததால் அட்ரீனல் சுருங்கிப்போயிருக்கும். பொடியைச் சட்டென்று நிறுத்தினால், ஒரு காய்ச்சல் வந்தாலே ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கு ஆபத்து. அதனால் கார்ட்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் முந்தின நாள் மதியத்தோடு மாத்திரையை நிறுத்தி, காலையில் ரத்தம் எடுத்தார்கள். நாலாம் மாதம் 3.9. பத்தாம் மாதம் 11. மூட்டுவலி திரும்ப வந்துவிட்டது. அதற்கு இப்போது பிசியோதெரபிக்குப் போகிறார், திட்டிக்கொண்டே.