டெப்ரிகேட்டட்: விலக்கியதும் கழித்ததும்

இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலிலிருந்து பழைய மின்மேலாண்மை நிரலை நீக்கும் மாற்றங்களைத் தமிழில் விளக்க முற்படுபவர் முதல் வரியிலேயே தடுக்கி நிற்கும் சொல், இனி நம்பிப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவிக்கப்பட்ட நிரலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘டெப்ரிகேட்டட்’. வழக்கொழிந்த, கைவிடப்பட்ட, மதிப்பிழந்த, நீக்கப்பட்ட என்று ஆளுக்கொரு விதமாக இதைப் பெயர்க்கிறோம். இந்த நான்குக்கும் பொருள் வெவ்வேறு. நான்கில் ஒன்றும் மூலச் சொல்லின் பொருளைத் தொடவில்லை என்பது என் கருத்து.

மூலம் இலத்தீனில் இருக்கிறது. ‘டெ’ என்பது அப்பால் என்னும் பொருள் தரும் முன்னொட்டு. ‘பிரிகாரி’ என்றால் இறைஞ்சுதல், வேண்டுதல். வரவிருக்கும் தீங்கு தன்னை அணுகாமல் அப்பால் போகட்டும் என்று இறைஞ்சுவதே ‘டெப்ரிகாரி’. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த இச்சொல், ஒன்றை ஏற்க மறுத்துச் சொல்லுதல் என்னும் பொருளுக்கு நகர்ந்தது. தமிழில் இரப்பதற்கும் விரும்புவதற்கும் ‘வேண்டு’ என்னும் ஒரே வினை இருப்பதால், ‘வேண்டாம் என்று வேண்டுதல்’ என்று இதை நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ‘மதிப்பிழந்த’ என்னும் பெயர்ப்பு வேறொரு சொல்லோடு நேர்ந்த குழப்பம்: கணக்கியலில் தேய்மானத்தைக் குறிக்கும் ‘டெப்ரிசியேட்’, விலை எனப் பொருள்படும் ‘பிரெட்டியம்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஒலி நெருக்கம் உண்டு, உறவு இல்லை.

சொல்லின் நுட்பம் எங்கே வேண்டியிருக்கிறது என்பதைக் காட்ட, லினக்ஸ் இயங்குதளக் கர்னலின் மின்மேலாண்மைப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இன்டெலும் மைக்ரோசாஃப்டும் 1992இல் வெளியிட்ட ஏபிஎம் என்ற முறையில், மின்சாரத்தை எப்போது சேமிப்பது என்பதில் கணினியைத் தொடங்கிவைக்கும் உள்ளமை நிரலான பயாஸின் கையே ஓங்கியிருந்தது. 1996 டிசம்பரில் தோஷிபாவும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ அந்த முடிவை இயங்குதளத்தின் கைக்கு மாற்றியது. புதிய முறை வந்த பிறகும் பழைய கணினிகள் ஓடிக்கொண்டிருந்ததால், பழைய முறைக்கான நிரலும் கர்னலுக்குள் தங்கிவிட்டது.

செயலிக்கு வேலையில்லாத நேரத்தில் கர்னல் அதைச் சும்மா சுழல விடுவதில்லை. ஓய்வுச் சுழற்சி என்னும் சிறு நிரலுக்குள் அனுப்பி உறங்க வைக்கிறது. உறங்க வைக்கப் பல வழிகள் உண்டு. ‘ஹெச்எல்டி’ என்னும் பழைய கட்டளை, ஏதேனும் கருவி கவனம் கோரி அனுப்பும் அடுத்த குறுக்கீடு வரும்வரை செயலியை நிறுத்திவைக்கும். பின்னாளில் வந்த ‘எம்வெயிட்’, கண்காணிக்கச் சொன்ன நினைவக இடத்தில் எவரேனும் எழுதினாலும் விழித்துக்கொள்ளும். எவ்வளவு ஆழமாக உறங்கலாம் என்ற குறிப்பையும் அதனுடன் தரலாம். ஏபிஎம் கணினிகளில் பயாஸையே அழைத்து ஓய்வெடுக்கச் சொல்லும் வழியும் இருந்தது.

கர்னலின் ஆவணங்களுக்கிடையே அன்று, எந்த வசதி எப்போது நீக்கப்படும், ஏன் என்பதைப் பதியும் அட்டவணைக் கோப்பு ஒன்று இருந்தது. 2011இல் மூன்று ஓய்வு வழிகள் டெப்ரிகேட்டட் என்று அறிவிக்கப்பட்டு, 2012இல் நீக்கப்படும் என்று அதில் ஏறின. முதலாவது, ஏபிஎம் பயாஸை ஓய்வுக்கு அழைக்கும் வசதி. அதன் நம்பகத்தன்மை ஐயத்துக்குரியது என்பது காரணம். இரண்டாவது, ஹெச்எல்டி கட்டளை ஒழுங்காக வேலை செய்யாத மிகப் பழைய வன்பொருளுக்காக வைத்திருந்த ‘நோ-ஹெச்எல்டி’ என்னும் தொடக்க விருப்பம் (கணினி தொடங்கும்போது கர்னலுக்குத் தரும் அமைப்பு). மூன்றாவது, குறிப்பு எதுவும் தராமல் எம்வெயிட்டை மட்டும் பயன்படுத்தும் எளிய ஓய்வுச் சுழற்சியும் அதற்கான தொடக்க விருப்பமும். 2012இல் நீங்கியது அட்டவணைக் கோப்புதான். இந்த மூன்றும் 2013 ஏப்ரலில் வெளிவந்த 3.9 பதிப்புவரை காத்திருந்தன. அப்போதும் மூன்றுக்கும் ஒரே முடிவு கிடைக்கவில்லை. நோ-ஹெச்எல்டி அடியோடு நீங்கியது. ஏபிஎம் ஓய்வு நீங்காமல், ஓய்வு வழிகளை ஒருங்கே நிர்வகிக்கும் புதிய கட்டமைப்பின் கீழ் இடம் மாறியது.

எம்வெயிட் சுழற்சிக்கு நேர்ந்ததைச் சற்று அருகே சென்று பார்க்க வேண்டும். கணினி தொடங்கும் சிறிது நேரத்துக்கு ஹெச்எல்டி போதும், பிறகு புதிய ஓய்வுக் கட்டமைப்பு பொறுப்பேற்றுக்கொள்ளும் என்ற கணக்கில்தான் அதை நீக்கினார்கள். இன்டெலின் கோர் 2 செயலிகள் காலத்துச் சில கணினிகளில் உறக்கத்தின் முதற்படி மட்டுமே இருந்ததால், அவற்றில் புதிய கட்டமைப்பு பொறுப்பேற்கவே இல்லை. ‘சிறிது நேரத்துக்கு’ என்று வைத்த ஹெச்எல்டி நிரந்தரமாகி, மின்சாரச் செலவும் வேகமும் முன்னைவிட மோசமாயின. வேறு சில மடிக்கணினிகள் ஹெச்எல்டியைக் கையாண்டதும் தொடக்கத்திலேயே உறைந்து நின்றன. எம்வெயிட் இருந்தால் இயல்பாகத் தொடங்கின. அவற்றின் பயாஸுக்குள், எங்கும் எழுதப்படாத ஓர் எதிர்பார்ப்பு ஒளிந்திருந்தது என்பதே பிழையை ஆராய்ந்தவர்களின் ஊகம். 2015 ஜூனில் வந்த 4.1 பதிப்பில் அந்தச் சுழற்சி மறுபடியும் கர்னலுக்குள் சேர்க்கப்பட்டது.

இப்போது நம் பெயர்ப்புகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘வழக்கொழிந்த’ என்பது உலக நடப்பைப் பற்றிய கூற்று: யாரும் இதைப் பயன்படுத்துவதில்லை என்று அது உறுதி சொல்கிறது. 2011இல் எம்வெயிட் சுழற்சியைப் பற்றி அப்படி எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். அதை நம்பி இயங்கிய கணினிகள் இருந்தன என்பது பின்னர் தெரியவந்தது. ‘கைவிடப்பட்ட’ என்றால் பராமரிக்க ஆளில்லை என்று பொருள். இங்கேயோ ஒருவர் அந்த நிரலைக் கவனித்து, நாள் குறித்து, காரணமும் எழுதியிருக்கிறார். ‘நீக்கப்பட்ட’ என்பது முடிந்துபோன செயல். டெப்ரிகேட்டட் என்பது இவை மூன்றுக்கும் முந்திய ஓர் அறிவிப்பு: இது இன்னும் இருக்கிறது, இயங்கவும் செய்கிறது, ஆனால் இனி இதை நம்பாதீர்கள், எடுத்துவிட எண்ணியிருக்கிறோம். அந்த எண்ணம் மாறவும் கூடும்.

இதற்குப் பொருந்தும் வேர் ‘விலக்கு’ என்று நினைக்கிறேன். பழைய உரைகளில் விதித்தன, விலக்கியன என்று இணையாக வரும். விலக்கியது என்றால் இல்லாமற்போனது அன்று. இருந்தும் கொள்ளத்தகாது என்று சொல்லப்பட்டது. ‘பதவியிலிருந்து விலக்கப்பட்டார்’ என்னும் இன்றைய வழக்கு அகற்றுதலை நினைவூட்டுவதால், ‘விலக்கப்பட்ட நிரல்’ என்று மட்டும் எழுதினால் மயக்கம் வரலாம். ‘விலக்குநிலை’ என்று பெயராக்கி, ‘விலக்குநிலையில் உள்ள நிரல்’, ‘விலக்குநிலையில் வைத்தல்’ என்று எழுதினால், அந்த நிரல் இன்னும் இருக்கிறது என்பது தெளிவாகும்.

அடுத்த கட்டமான அகற்றலுக்குக் ‘கழித்தல்’ பொருந்தும். ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று நன்னூல் சொல்வது மொழியைப் பற்றி. அங்கே சொற்கள் தாமே கழிகின்றன, ஆகவே ‘கழிதல்’ என்னும் தன்வினை. நிரல் தானாகக் கழிவதில்லை. ஒருவர் வரி வரியாகப் படித்து, இதை யார் நம்பியிருக்கிறார்கள் என்று தேடி, பொறுப்பேற்றுக் கழிக்க வேண்டும். அந்த உழைப்பைப் பிறவினை காட்டுகிறது.

கர்னலிலேயே இச்சொல்லுக்கு ஒரு திருப்பம் நேர்ந்தது. விலக்குநிலையில் உள்ள செயற்கூறை எவரேனும் அழைத்தால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியை எச்சரிக்க வைக்கும் குறியீடு ஒன்று அதில் இருந்தது. எச்சரிக்கைகள் மலிந்து யாரும் பொருட்படுத்தாத நிலை வந்ததால், 2018இல் அந்த எச்சரிக்கையையே நிறுத்திவிட்டார்கள். பழைய இடைமுகத்தை முழுதும் கழியுங்கள், முடியாவிட்டால் விலக்குநிலைப் பட்டியல் ஆவணத்தில் எழுதி வையுங்கள் என்பது இப்போதைய விதி.

இச்சொற்களைக் கொண்டு அந்த மூன்றின் வரலாற்றையும் இப்படி எழுதலாம்: மூன்றும் 2011இல் விலக்குநிலையில் வைக்கப்பட்டன, 2013இல் நோ-ஹெச்எல்டி கழிக்கப்பட்டது, ஏபிஎம் ஓய்வு கழிக்கப்படாமல் இடம் மாற்றப்பட்டது, எம்வெயிட் சுழற்சி கழிக்கப்பட்டு, 2015இல் மீட்கப்பட்டது.