அரிபொறிப்பு: சொல் விளக்கம்

பிளாஸ்டிக் பொருள்களின் மேற்பரப்பில் காணும் தோல்வரி, மரவரி, மணற்பரப்பு, வலைக்கோடு போன்ற நயங்கள் பொருளைச் செய்து முடித்த பிறகு அதன்மேல் இடப்பட்டவை அல்ல. உருகிய பிளாஸ்டிக்கை மிகுந்த அழுத்தத்துடன் உட்செலுத்தும் எஃகு அச்சின் உட்சுவரிலேயே அந்த நயம் முன்னதாக உருவாக்கப்பட்டிருக்கும். அச்சிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பொருளும் அதைத் தன் தோலில் ஏந்திக்கொண்டே வருகிறது. அச்சின் உட்சுவரை வேதிக்கரைசலால் கணக்காக அரித்து நயம் உண்டாக்கும் இந்த வேலைக்கு ‘எட்சிங்’, ‘டெக்ஸ்சரிங்’, ‘கிரெயினிங்’ என்ற மூன்று பெயர்கள் உள்ளன. தொழில் வழக்கில் இவை ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வந்தாலும் பொருளில் ஒன்றல்ல. எட்சிங் என்பது வேலை. டெக்ஸ்சரும் கிரெயினும் அந்த வேலையின் விளைவு. வேலைக்கு ‘அரிபொறிப்பு’ என்றும் விளைவுக்கு ‘மேற்பரப்பு நயம்’ என்றும் தனித்தனியே எழுதுவதே சரி.

எட்ச் என்ற ஆங்கிலச் சொல் டச்சு மொழியின் ‘எட்சன்’ வழியாக ஜெர்மானிய ‘ஏட்சன்’ என்ற வினையிலிருந்து வந்தது. அதன் வேர் உண்ணுதலைக் குறிக்கும் ‘எஸ்ஸன்’. ஏட்சன் அதன் பிறவினை, அதாவது உண்ணச் செய்தல். உலோகத்தை அமிலத்துக்கு உண்ணக் கொடுப்பதுதான் சொல்லின் முதற்பொருள். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் வாழ்ந்த டேனியல் ஹோப்பர் போர்க்கவசங்களில் இம்முறையால் அணிவேலை செய்தவர்; அதே முறையை இரும்புத் தகட்டுக்குக் கொண்டுசென்று படங்களை அச்சிட்ட முன்னோடிகளுள் ஒருவராகவும் அறியப்படுகிறார். கவசத்தின்மேல் மெழுகு அல்லது அரக்குப் போன்ற காப்புப் பூச்சைத் தடவி, அரிக்க வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு, அமிலத்தை விடும் அந்த அடிப்படை இன்றைய அச்சு வேலையிலும் மாறவில்லை. இடையில் வந்த பெரிய மாற்றம் ஒளி. வெளிச்சம் பட்ட இடத்தில் கடினமாகும் நிலக்கீலை ஒளிப்படக்கலை முன்னோடியான பிரெஞ்சுக்காரர் நீப்ஸ் 1820களில் உலோகத் தகட்டில் பயன்படுத்தினார். எஃகுத் தகட்டில் ஒளிவழிப் பொறிக்கும் முறைக்கு அதே துறையின் ஆங்கிலேய முன்னோடி டால்பட் 1852இல் காப்புரிமை பெற்றார். ஒளிப்படங்களை அச்சிடும் தகடுகளும் மின்சுற்றுப் பலகைகளும் அச்சு நயமும் இந்த ஒரே கிளையில் கிளைத்தவை.

தமிழில் இதற்கு இணையாகச் செதுக்கல், பொறிப்பு, அரிப்பு ஆகிய மூன்று சொற்கள் எளிதில் கைக்கு வருகின்றன. செதுக்கல் பொருந்தாது, அது உளியின் வேலை, கருவி போன பாதையில் மட்டும் பொருள் நீங்கும். வில்லும் புலியும் கயலும் பொறித்த தமிழுக்குப் பொறிப்பு பழகிய சொல். வேண்டுமென்றே இட்ட அடையாளம் என்ற கருத்தை அது தருகிறது, ஆனால் எப்படி இட்டது என்பதைச் சொல்லாது. அரிப்பு அந்த ‘எப்படி’யைச் சொல்லும். கரையான் அரித்தது, துரு அரித்தது, ஆறு கரையை அரித்தது என்னும்போது சிறிது சிறிதாகத் தின்று தீர்ப்பதையே குறிக்கிறோம். ஜெர்மானிய வேரின் பொருளும் இதுவே. தனித்து நின்றால் அரிப்பு ஒரு கேட்டைக் குறித்துவிடும் என்பதால் இரண்டையும் சேர்க்க வேண்டியுள்ளது. ‘அரிபொறிப்பு’ என்பதில் ‘அரி’ காலம் காட்டாத வினைத்தொகையாக நிற்கிறது. ஆகவே சுடுசோற்றைப் போல இங்கும் வல்லினம் மிகாது. ‘அரிப்பொறிப்பு’ என்று எழுதுவது பிழை. அச்சு என்ற சொல்லில் சிக்கல் இல்லை, ஆனால் மொழிபெயர்ப்பவர் விழிப்பாக இருக்க வேண்டும்: ஆங்கிலத்தில் வார்ப்பச்சுக்கும் பூஞ்சைக்கும் ‘மோல்ட்’ என்ற ஒரே ஒலிவடிவம் என்பதால், இயந்திர மொழிபெயர்ப்பில் எஃகுப் பூஞ்சைக்கு அமிலம் ஊற்றும் வாக்கியங்கள் தோன்றிவிடுகின்றன.

‘அரி’ என்ற பகுதியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் வேலையின் இயல்பில் இருக்கிறது. உளிக்கு எஃகின் உள்ளமைப்பு பெரும்பாலும் ஒரு பொருட்டில்லை. அமிலத்துக்கு அதுவே எல்லாம். ஒரே அச்சில் பற்றவைத்துத் திருத்திய இடம், சூடு பட்டு உள்ளமைப்பு மாறிய இடம், கந்தகச் சேர்மங்கள் இழையாக ஓடிய இடம் ஆகியவை வெறுங்கண்ணுக்குச் சுற்றுப்புறத்தைப் போலவே தெரியலாம். கரைசலில் இறங்கியதும் அவை வேறு வேகத்தில் கரைந்து, திட்டாகவும் கோடாகவும் வெளிப்படுகின்றன. மின்பொறியால் குடைந்த பரப்பில் உருகி உறைந்த கடினமான மெல்லிய படலம் ஒன்று எஞ்சியிருக்கும். அதைத் தேய்த்து நீக்காமல் அரித்தால் நயம் ஒரே சீராக இறங்காது. அச்சு எந்த எஃகு, எங்கே பற்றவைக்கப்பட்டது என்ற விவரங்களை அரிபொறிப்பாளர் முதலிலேயே கேட்பது இதனால்தான். அச்சுகளுக்குப் பரவலாகப் பயன்படும் பி20 போன்ற எஃகு வகைக்குச் சேரும் கரைசல், குரோமியம் மிகுந்த துருப்பிடிக்கா எஃகுக்குச் சேர்வதில்லை.

வேலை நடக்கும் வரிசையில் கவனிக்கத் தக்கது காப்புப் பூச்சு. நயம் வேண்டாத பகுதிகளை நாடாவாலும் அரக்காலும் முழுமையாக மூடிவிட்டு, நயம் வேண்டிய பரப்பில் வடிவத்தை மெழுகு அச்சிட்ட மெல்லிய தாளிலிருந்து மாற்றுவார்கள். அல்லது ஒளியுணர் பூச்சுத் தடவி, படச்சுருளின் வழியே வெளிச்சம் காட்டி உண்டாக்குவார்கள். அச்சில் எல்லாம் தலைகீழ் என்பதை இங்கே மறக்கக் கூடாது. தோல்வரியை எடுத்துக்கொண்டால், பொருளில் சுருக்கங்கள் பள்ளமாகவும் அவற்றுக்கு இடைப்பட்ட திட்டுகள் மேடாகவும் இருக்க வேண்டும். ஆகவே எஃகில் சுருக்கக் கோடுகள் மேடாக நிற்க வேண்டும், காப்புப் பூச்சு அந்தக் கோடுகளின் மேல்தான் மெல்லிய வலைபோலப் படிய வேண்டும். தட்டையான தாள் வளைந்த பரப்பில் ஒட்டும்போது மூலைகளில் மடிப்பும் இடைவெளியும் விழும். இரண்டு தாள்கள் கூடும் இடத்தில், உருப்பெருக்கியின் கீழ் நுண்தூரிகையால் ஒரு பக்கத்துக் கோட்டை மறுபக்கத்துக் கோட்டோடு கையால் வரைந்து இணைக்கிறார்கள். முழு வேலையிலும் மிகுந்த நேரம் பிடிப்பதும், முடிந்தபின் யார் கண்ணிலும் படக் கூடாததும் இந்த இணைப்புதான்.

பின்னர் கரைசல். பேச்சில் அமிலம் என்றே சொல்கிறோம். நைட்ரிக் அமிலம் பயன்படுவதும் உண்மை. ஆனால் எஃகுக்குப் பரவலாகப் பயன்படும் ஃபெரிக் குளோரைடு ஓர் உப்பு. அதிலுள்ள மூவிணைதிற இரும்பு, அச்சிலுள்ள உலோக இரும்பைக் கரைத்து, தானும் ஈரிணைதிற இரும்பாக மாறுகிறது. கரைசல் கீழ்நோக்கி மட்டும் தின்பதில்லை. காப்புப் பூச்சின் ஓரத்தில் பக்கவாட்டிலும் நுழையும். அதனால் ஆழம் கூடக் கூட மெல்லிய கோடுகள் இளைத்து அறுந்துவிடும். ஆழமான தோல்வரி வேண்டுமானால் ஒரே மூச்சில் அரிக்காமல், பூச்சிட்டு அரித்து, மீண்டும் வேறு வடிவத்தில் பூச்சிட்டு அரித்து, அடுக்கடுக்காக இறக்குகிறார்கள். இறுதியில் நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தால் வீசிப் பளபளப்பைச் சரிசெய்கிறார்கள்.

ஆழத்தோடு நேரடியாகத் தொடர்புடைய இன்னொரு சொல் ‘டிராஃப்ட்’, தமிழில் சாய்வு; பொருள் எளிதில் வெளிவர அச்சின் சுவரைச் செங்குத்திலிருந்து சற்றுச் சரித்து வைப்பது. அச்சின் செங்குத்துச் சுவரில் நயம் இருந்தால், ஒவ்வொரு மேடும் பொருளைப் பிடித்து இழுக்கும் சிறு கொக்கியாகிவிடும். வெளியேறும் பொருளின் பக்கங்களில் உரசல் தடம் விழும். இதைத் தவிர்க்க, நயத்தின் ஒவ்வொரு 0.025 மி.மீ. ஆழத்துக்கும் 1 முதல் 1.5 பாகை வரை கூடுதல் சாய்வு கொடுப்பது தொழிலின் பொதுவிதி. 0.1 மி.மீ. ஆழத் தோல்வரிக்கு 4 முதல் 6 பாகை என்றாகிறது; வடிவமைப்பாளர் இதை முதல் வரைபடத்திலேயே ஒதுக்காவிட்டால், அச்சு முடிந்தபின் கேட்கும் நயத்தை எந்த அரிபொறிப்பாளராலும் தர முடியாது. நயத்தை வெறும் அழகு என்று கருதுவதால் நேரும் தவறு இது. அழகுக்கு அப்பால், குளிரும்போது விழும் குழிவுகளையும், உருகிய பிளாஸ்டிக்கின் இரு ஓட்டங்கள் கூடிய இடத்தில் விழும் கோட்டையும், பின்னாளைய கைரேகையையும் கீறலையும் நயம் மறைக்கிறது. வாகன முகப்புப் பலகையில் கண்கூசலைக் குறைக்கிறது.

விளைவைக் குறிக்கும் சொற்கள் மொழிக்கு மொழி வேறு படிமத்தைப் பிடிக்கின்றன. டெக்ஸ்சர், நெய்தல் என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. கிரெயின் அதே மொழியின் விதையிலிருந்து. ஜெர்மானியர் தழும்பைக் குறிக்கும் ‘நார்பே’யிலிருந்து ‘நார்புங்’ என்கிறார்கள். ஜப்பானியரின் ‘ஷிபோ’ தோலிலும் துணியிலும் விழும் சுருக்கம். தமிழில் இழைநயம், இழையமைப்பு என்ற ஆக்கங்கள் நெசவைப் பின்பற்றியவை. மணற்பரப்பு வகை நயத்தில் இழை ஏதும் இல்லாததால் அவை எனக்கு ஒப்பவில்லை. வேளாண் எழுத்தில் மண் நயம் என்று வழங்குவதை ஒட்டி, மேற்பரப்பு நயம் எனலாம். வகையைச் சொல்லும்போது தோல்நயம், மரநயம், மணல்நயம் எனச் சுருக்கிக்கொள்ளலாம்.

அரிபொறிப்பு எல்லா நயத்துக்கும் பொதுப்பெயர் ஆகாது. மின்பொறி தெறித்து உண்டாகும் சொரசொரப்புக்கு விடிஐ 3400 என்ற ஜெர்மானிய அளவுகோல் இருக்கிறது. அதன் 20ஆம் எண் சராசரியாக 1 மைக்ரோமீட்டர் சொரசொரப்பையும், 40ஆம் எண் 10 மைக்ரோமீட்டரையும் குறிக்கும். அதை ‘மின்பொறி நயம்’ என்றும், பல திசைகளில் திரும்பும் ஒளிக்கற்றை எஃகை ஆவியாக்கி உண்டாக்குவதை ‘லேசர்ப் பொறிப்பு’ என்றும் எழுத வேண்டும். வரைபடக் குறிப்பில் முறையைக் கட்டாயப்படுத்தாமல் தோற்றத்தை மட்டும் கேட்கும் இடத்தில் ‘மேற்பரப்பு நயம்’ என்றும், அதனுடன் ஆழமும் சாய்வும் என்ன என்றும் எழுதினால் போதும்.