தோண்டாத இடத்து மண்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் போடியார் (பெரிய வயற்காரர்) ஒருவரிடம் காணியின் மண்ணைப் பற்றிக் கேட்டால், கையில் அள்ளிப் பார்க்கும் முன்பே பாதி சொல்லிவிடுவார். மேடு என்றால் சிவந்த சரளை, பள்ளம் என்றால் சாம்பல் களி. காட்டு மண்ணைக் கணினியில் வரைபடமாக்குவதும் இதே கணக்குத்தான்.

காலநிலை, உயிரினங்கள், நிலத்தின் ஏற்றஇறக்கம், அடிப்பாறை, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே மண்ணை ஆக்குகின்றன என்று 1941இல் மண்ணியலாளர் ஹான்ஸ் ஜென்னி எழுதினார். 2003இல் இன்னொரு மண்ணியலாளர் மக்பிராட்னியும் அவரது கூட்டாளிகளும் இந்த எண்ணத்தைக் கணிப்பு முறையாக வளர்த்தார்கள். ஓரிடத்தில் இவை எப்படி என்று தெரிந்தால், அங்கே என்ன மண் கிடக்கும் என்று சொல்லப் பார்க்கலாம்.

குடும்பிமலைப் பக்கம் ஒரு காட்டுச் சரிவை நினைத்துக்கொள்ளுங்கள். உலர் வலயச் சரிவுகளின் மேற்பகுதியில் மண் துளைக்கும் ஆகரைத் திருகி இறக்கினால் பெரும்பாலும் செங்கபில மண்தான் ஏறி வரும். நீர் வடிந்து காற்றுப் புகுவதால் இரும்பு துருவாகச் சிவந்திருக்கிறது. அடிவாரத்தில் வருவது சாம்பல் மண், இடையிடையே துருப்புள்ளிகள். மாரி மழை தேங்கிக் காற்று அடைபட்டதன் தடம் அது.

காடு முழுவதையும் தோண்ட ஆளும் இல்லை, பாதையும் இல்லை. அதனால் ஒவ்வொரு வகைச் சரிவுக்கும் மரக்கூட்டத்துக்கும் சில குழிகள் மட்டும் எடுத்து, காபன், களி, அமிலத்தன்மையை ஆய்வுகூடத்தில் அளக்கிறார்கள். அப்புறம் கணினியில் நூற்றுக்கணக்கான தீர்மான மரங்கள் (கேள்விமேல் கேள்வி கேட்டுக் கிளைபிரிந்து விடைக்குப் போகும் கணிப்பு முறைகள்) அந்தக் குழிகளிலிருந்து பாடம் படிக்கின்றன. சரிவு எவ்வளவு, ஓடை எவ்வளவு தூரம் என்று கேட்டுக் கேட்டு ஆளுக்கொரு பதில் சொல்லும். அவற்றின் சராசரியே வரைபடத்தில் ஏறுகிறது.

சரி, செய்மதியால் மண்ணைப் பார்க்க முடியுமா? காட்டில் முடியாது. அது பார்ப்பது இலையை. ஆனால் இலையும் மண்ணைப் பற்றிப் பேசும்: ஆடி ஆவணி வறட்சியிலும் பசுமை மாறாத மரத்தின் அடியில் ஆழமான, ஈரம் பிடிக்கும் மண் இருக்க வாய்ப்பு அதிகம். சென்டினல்-2 செய்மதிகள் 5 நாளுக்கொருமுறை, 10 மீற்றர் நுணுக்கத்தில் இதைப் படம் பிடிக்கின்றன. நில உயரத்தில்தான் எனக்குப் பயம். 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து றேடாரால் எடுத்த உயர அளவுகளில் மரக்கூரையும் கலந்திருக்கிறது. ஓடையோரம் மருதமரங்கள் ஓங்கி நின்றால் பள்ளம் தூர்ந்ததுபோலத் தெரியும்.

தீர்மான மரங்களின் பதில்கள் சிதறும் இடத்தில் வரைபடத்தை அவ்வளவாக நம்பக்கூடாது. பதில்கள் ஒத்துப்போனாலும் தப்பலாம். எனவே கணினிக்குக் காட்டாமல் ஒதுக்கிவைத்த குழிகளோடு ஒப்பிட்டே தீர வேண்டும். அப்போதும் ஒரு கறையான் புற்று, சுற்றியுள்ள மண்ணிலிருந்து மாறுபட்டு, 10 மீற்றர் சதுரம் ஒன்றுக்குள் தெரியாமல் மறைந்துகிடக்கும். அதைக் காண அங்கே நடந்துதான் போகவேண்டும்.